எச்சம் விழுந்தால் எரித்துவிடுவதா?



"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" இந்தப் பழமொழி தெரியாத வீடு நம்மில் குறைவு. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார்கள் இதை ஒரு ஆயுதமாகவே வைத்திருந்தார்கள். யாராவது குரலை உயர்த்தினால் போதும், "என்னைக் கொக்குன்னு நினைச்சியா?" என்று ஒரே போடு. எதிரே நிற்பவர் அடங்கிப் போவார்.

கதை உங்களுக்குத் தெரியும். காட்டில் தவம் செய்துவிட்டு வருகிறார் கொங்கணவர். மேலே பறந்த கொக்கு அவர் தலையில் எச்சம் போட்டுவிடுகிறது. கோபமாக அண்ணாந்து பார்க்கிறார், கொக்கு எரிந்து விழுகிறது. அந்த மிதப்போடு திருவள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நிற்கிறார். வாசுகி அம்மையார் கணவருக்குச் சோறு பரிமாறிவிட்டுத் தாமதமாக வருகிறார். முனிவர் முறைத்துப் பார்க்கிறார். அம்மையார் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். முனிவரின் தலைக்கனம் அங்கேயே இறங்கிவிடுகிறது. கதை முடிந்தது, எல்லாரும் கைதட்டுகிறோம்.

அந்தக் கொக்கு என்ன ஆச்சு?

யாரும் கேட்பதில்லை. நம் கதையில் கொக்கு செத்தது முனிவரின் சக்தியைக் காட்டுவதற்கு மட்டும்தான். ஆனால் இதே கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் இருக்கிறது. மார்க்கண்டேய முனிவர் தருமருக்குச் சொல்வது. அங்கே முனிவரின் பெயர் கௌசிகர். மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருக்கிறார், கிளையில் இருந்த பறவையின் எச்சம் மேலே விழுகிறது, கோபத்தோடு பார்க்கிறார், அது உயிரற்று விழுகிறது. இதுவரைக்கும் ஒரே கதை. அடுத்து ஒரு சின்ன இடம் வருகிறது, நம்முடைய கதையில் அது விட்டுப்போய்விட்டது. கீழே கிடந்த பறவையைப் பார்த்ததும் கௌசிகர் வருந்துகிறார். கோபத்துக்கு ஆட்பட்டு செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனே என்று புலம்புகிறார். அந்த வருத்தத்தோடுதான் அவர் ஊருக்குள் போகிறார். அந்த வருத்தம் இருந்ததால்தான், "நான் அந்தப் பறவை அல்ல" என்று ஒரு குடும்பப் பெண் சொன்னபோது அவர் காதில் அது ஏறியது. பிறகு மிதிலைக்குப் போய், இறைச்சிக் கடை வைத்திருந்த தருமவியாதரிடம் கைகட்டி நின்று தருமம் கேட்டதும் அதனால்தான்.

இதை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலோர் காஜா பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துக் கோயில். பெயர் வேண்டாம். தோட்டம் போய்விட்டது, லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் நிற்கிறது. பின்பக்கம் ஒரு சதுப்பு, அதன் ஓரத்தில் மூங்கில் புதரும் நாலைந்து பெரிய மரங்களும். பொழுது சாயும்போது அங்கே கொக்குகள் வந்து அடைகின்றன. அந்த வட்டார இளைஞர் பிரிவுக்கு மாதம் ஒருமுறை சமய வகுப்பு எடுக்கப் போகிறவன் என்ற முறையில் நானே பல தடவை பார்த்திருக்கிறேன். போன மாதம் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஐயா, கமிட்டியில மரத்த எல்லாம் வெட்டிட்டு, பின்னால இருக்கிற பாயாவுக்கு மண்ணு போட்டு கார் பார்க் கட்டப் போறாங்களாம். கொக்கு எச்சம் கலசத்துமேல விழுதாம். என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

என்ன சொல்வது? முதலில் சிரிப்புத்தான் வந்தது. தலையில் விழுந்த எச்சத்துக்காகக் கொக்கை எரித்த கதையைப் பழமொழியாக வைத்திருக்கும் நாம், அதே காரணத்துக்காக அதே வேலையைச் செய்யப் போகிறோம்.

ஆனால் கமிட்டிக்காரர்களைக் குறை சொல்லி இந்தப் பேச்சை நடத்த எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. எச்சம் நாறும். சுதைச் சிற்பத்தின் வர்ணத்தை அரிக்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. திருவிழா நாளில் காரை எங்கே நிறுத்துவது என்பதும் உண்மையான பிரச்சினைதான். அந்தக் கோயிலை இடிபடாமல் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்களிடம் பேசப் போகிறவர்கள் நீங்கள். மரியாதையாகப் பேசுங்கள், விஷயம் தெரிந்து பேசுங்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நாம் கொக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நாரை என்கிறோம், அதுவும் ஏறக்குறைய அதேதான் என்று நினைக்கிறோம். மூன்று தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. கோயில் மரத்தில் அடைவது வெள்ளைக் கொக்கு. பறக்கும்போது கழுத்தை மடித்து வைத்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் டிராக்டர் பின்னால் நடந்து போகுமே, உண்ணிக்கொக்கு, அதுவும் இந்தக் குடும்பம். அடுத்தது நாரை. பெரிய அலகு, கழுத்தை நீட்டிப் பறக்கும், மரத்தில் கூடு கட்டும். மூன்றாவது சாரசம். அதுவும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும், ஆனால் அதில் பெரும்பாலான இனங்களுக்கு மரத்தில் உட்கார வராது. பின்விரல் குட்டை, கிளையைப் பிடிக்க முடியாது. ஆழமில்லாத தண்ணீர் நடுவே, தரையில், புல்லையும் கோரையையும் குவித்துக் கூடு கட்டி, பெரும்பாலும் 2 முட்டை இடும். சதுப்பு இல்லையென்றால் அதற்கு வீடே இல்லை. கொக்குக்காவது ஒரு மரக்கிளை மிஞ்சும்.

உலகத்தில் சாரச இனங்கள் மொத்தம் 15. அவற்றில் பெரும்பாலானவை அழியும் ஆபத்தில் இருக்கின்றன. பறக்கும் பறவைகளில் மிக உயரமானதும் இந்தக் குடும்பம்தான். வட இந்தியாவில் 'சாரஸ்' என்கிறார்களே, சிவந்த தலை, சாம்பல் உடம்பு, நின்றால் 6 அடி உயரம் வரை வரும். ஆணும் பெண்ணும் ஜோடி பிரியாமல் வாழும். குஜராத்தில் புதுமணத் தம்பதியை அழைத்துப்போய் இந்த ஜோடியைக் காட்டும் வழக்கம் உண்டு.

இந்தப் பறவைக்கும் நம் சமயத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. வால்மீகி தமஸா நதிக்கரையில் சீடர் பரத்வாஜரோடு நிற்கிறார். கூடிக் களித்திருந்த ஒரு ஜோடிப் பறவையில் ஆணை ஒரு வேடன் அம்பால் அடிக்கிறான். ரத்தத்தில் புரளும் துணையைப் பார்த்துப் பெண் பறவை கதறுகிறது. அந்தக் கதறலைக் கேட்டு வால்மீகி வாயிலிருந்து வந்த வார்த்தைதான் முதல் சுலோகமாம். சோகம் சுலோகமாயிற்று என்பார்கள். ராமாயணம் அங்கே தொடங்குகிறது. அந்தப் பறவையின் பெயர் கிரௌஞ்சம். கிரௌஞ்சம் என்றால் நமக்கு முருகப்பெருமானின் வேல் துளைத்த மலைதான் ஞாபகம் வரும், செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குக் காவடி எடுக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் அது ஒரு பறவையின் பெயரும்கூட. எந்தப் பறவை என்பதில் பல கருத்து உண்டு. 1998-இல் ஜூலியா லெஸ்லி என்ற ஆய்வாளர் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, அது சாரஸ்தான் என்று வாதிட்டார். எனக்கு அது சரியாகப் படுகிறது. ஜோடி பிரியாத பறவை, உரக்கக் கத்தும் பறவை, நதியோரப் பறவை. வேறு எது?

ஆக, ஒரு சாரசம் செத்ததற்கு ஒரு முனிவர் அழுததால்தான் நமக்கு ராமாயணம் கிடைத்தது. அந்தச் சாரஸ் பறவை மலேசியாவிலும் இருந்தது. இப்போது இல்லை. தாய்லாந்தில் அழிந்தது, பிலிப்பைன்ஸில் அழிந்தது, இங்கேயும் அழிந்துவிட்டதாகவே கணக்கு. இதைப் பற்றி நம்மில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. போனதே தெரியாமல் போய்விட்டது, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

இப்போது அந்த வரிசையில் நிற்பது பால்நிற நாரை. மலாய்க்காரர்கள் 'போத்தாக் ஊப்பே' என்பார்கள். உடம்பெல்லாம் வெள்ளை, முகம் சிவப்பு, மஞ்சள் அலகு. பேராக் மாநிலத்தின் மாத்தாங் கண்டல் காடுதான் தீபகற்ப மலேசியாவில் அதன் கடைசிப் புகலிடம். 1980களில் அங்கே நூற்றுக்கு மேல் இருந்தது. 2005 வாக்கில் பத்துக்கும் கீழே போய்விட்டது. 1987 முதல் நெகாரா மிருகக்காட்சிசாலையில் குஞ்சு பொரிக்க வைத்து, கோலசிலாங்கூரிலும் கோலகூலாவிலும் காட்டில் விட்டுப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். இந்தியா, இலங்கைப் பக்கத்து மஞ்சள் மூக்கு நாரை இங்கே வளர்க்கப்பட்டுத் திறந்துவிடப்பட்டு, இதோடு ஜோடி சேர்ந்து கலப்பினம் உண்டாகிறது. ஒரு பறவையை இழப்பது சுலபம், திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு பாருங்கள்.

"அது பேராக்ல, நாம மலாக்காவுல" என்று நீங்கள் சொல்லலாம். மலாக்காவின் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன். பாயா ரும்புட் என்றால் புல் சதுப்பு. ஆயர் குரோ என்றால் கலங்கல் தண்ணீர். ஹைவே, டோல், கடைத்தெரு எல்லாம் வந்துவிட்டன, பெயரில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. கிளேபாங் கடற்கரையில் எத்தனை தூரம் மண் போட்டுக் கடலைத் தள்ளியிருக்கிறார்கள் என்பதை உங்கள் தாத்தாவைக் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார். கோல லிங்கியில் கண்டல் காடு இன்னும் கொஞ்சம் நிற்கிறது. மலாக்காவுக்குச் சொந்தமாக, ஆனால் போர்ட்டிக்சன் பக்கம் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனைக்கு மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி ஆயிரக்கணக்கான கழுகுகளும் பருந்துகளும் வடக்கே போகிற வழி அது. 2000 முதல் மலேசிய இயற்கைக் கழகம் அதை ஒரு திருவிழா மாதிரி நடத்துகிறது. நம் பிள்ளைகளை அங்கே அதிகம் பார்க்க முடிவதில்லை.

மலாயாவில் வியாபாரத்துக்கென்று ரப்பர் முதலில் நடப்பட்டதே நம் மாநிலத்தில்தான். 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் போட்டார், பிறகு புக்கிட் ஆசாஹானுக்குப் போனது. மேட்டில் மரம் நட, பள்ளத்துத் தண்ணீரை வடிக்க, தோட்டந்தோறும் வாய்க்கால் வெட்டியது யார்? நம் ஆட்கள்தான். அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் செத்துப் பிழைத்து வெட்டினார்கள். அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர்களுக்கு அது சோறு. ஆனால் கார் நிறுத்துவதற்காக அதே வேலையைச் செய்யப்போகும் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இப்போது மதுரைக்கு வாருங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 48-ஆவது, நாரைக்கு முத்தி கொடுத்த படலம். இந்தக் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாண்டிய நாட்டின் தென்பக்கம் ஒரு ஊரில், தாமரை பூத்த ஒரு குளம். அதில் மீன் தின்று ஒரு நாரை வாழ்ந்து வந்தது. மழை பொய்த்தது. குளம் வற்றியது. மீன் செத்தது. நாரை கிளம்பிவிட்டது. புராணத்தில் இது ஓரிரு வரிதான். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. வீடிழந்து, எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் பறந்த ஒரு பறவை.

பறந்து பறந்து ஒரு காட்டுப் பொய்கைக்கு வருகிறது. அங்கே முனிவர்கள் குளிக்கிறார்கள். மீன்கள் அவர்கள் உடம்பைத் தொட்டுத் துள்ளுகின்றன. பசியோடு வந்த நாரைக்கு அந்த மீன்களைக் கொத்த மனம் வரவில்லை. 'இந்தப் புண்ணியவான்களைத் தொட்ட மீனை நான் தின்பதா?' சும்மா நிற்கிறது. முனிவர்கள் மதுரையின் பெருமையைப் பேசுவது காதில் விழுகிறது. உடனே மதுரைக்குப் பறக்கிறது. பொற்றாமரைக் குளத்தில் முழுகுகிறது, விமானத்தை வலம் வருகிறது, சோமசுந்தரரைத் தியானித்து நிற்கிறது. இப்படியே பல நாள். ஒருநாள் பசி தாங்காமல் குளத்து மீனைப் பார்க்கிறது, கொத்தப் போகிறது, ஞானம் வந்து நின்றுவிடுகிறது. இறைவன் காட்சி கொடுத்து, "என்ன வேண்டும்?" என்கிறார். நாரை சிவலோகம் கேட்கிறது. கூடவே இன்னொன்றும் கேட்கிறது. "என் இனத்தார் மீன் தின்னும் பிறவி. இந்தக் குளத்தில் மீன் இருந்தால் அவர்கள் கொத்தாமல் இருக்க மாட்டார்கள், பாவம் சேரும். ஆகவே இங்கே மீனே இல்லாதபடி அருள வேண்டும்." அப்படியே ஆகட்டும் என்றாராம். பொற்றாமரையில் மீன் வாழ்வதில்லை என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

தனக்கு மோட்சம் கிடைத்த நேரத்திலும் பின்னால் வரப்போகும் தன் கூட்டத்தை நினைத்த பறவை அது. சரி, இன்னொன்றையும் கவனியுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒரு நாரை நாள்கணக்கில் தங்கியிருக்கிறது. எச்சம் போடாமலா இருந்திருக்கும்? யாரும் விரட்டியதாகப் புராணத்தில் இல்லை.

கடலூர் மாவட்டத்தில் திருநாரையூர் என்று ஒரு தலம். நாரை பூசித்ததால் ஊருக்கே அந்தப் பெயர். திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பிறந்த ஊர் அதுதான். நம் திருமுறை நாரையூரிலிருந்து வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

புராணம் மட்டும் போதாது, நடந்ததையும் சொல்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல். வேடன் தங்கிய இடம் என்று பொருள் சொல்வார்கள். இன்று அது இந்தியாவின் மிகப் பழைய பறவைச் சரணாலயங்களில் ஒன்று. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1798-இல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். ஏன் காத்தார்கள் தெரியுமா? பக்தி மட்டும் இல்லை. ஏரித் தண்ணீரில் நாரையும் கொக்கும் போடும் எச்சம் கலக்கிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, தனியாக உரம் போட வேண்டியதில்லை. நமக்குக் கலசத்தில் விழுந்தால் அழுக்காகத் தெரிவது அவர்களுக்கு நெல்லாக விளைந்தது.

(எச்சம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில், ஒருவன் தகுதியானவனா இல்லையா என்பதை அவன் விட்டுச்செல்லும் எச்சத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்கிறார். அங்கே எச்சம் என்றால் புகழோ பிள்ளைகளோ, உரைகாரர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், கொக்கு விட்டுப்போவது உரம். நாம் விட்டுப்போவது தார் போட்ட ஒரு கார் பார்க்.)

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி என்று ஊர்கள். நம் செட்டியார்களின் பூர்வீகப் பக்கம்தான். அங்கே கண்மாயில் பறவை வந்து அடைகிறது என்பதற்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக. சின்னப் பிள்ளைகளும்கூட. நம்மால் தீபாவளிக்கு வெடி வைக்காமல் ஒரு வருஷம் இருக்க முடியுமா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நான் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு ஊர் அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

வட இந்தியாவில் சாரஸ் பிழைத்திருப்பதும் இப்படித்தான். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை அது. 2021 கணக்கெடுப்பில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 17,000க்கு மேல். பெரும்பாலும் சரணாலயத்தில் இல்லை, விவசாயிகளின் நெல் வயலிலும் குட்டை ஓரத்திலும்தான். கூடு கட்டக் கொஞ்சம் பயிரை அது மிதித்து நாசமாக்கும். பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்காத இடமும் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூருக்கு சைபீரியாவிலிருந்து வெள்ளைச் சாரசங்கள் வந்துகொண்டிருந்தன. 1960களில் ஏறத்தாழ 200. வரும் வழியில் வேட்டை, தங்கும் ஏரிகள் வறண்டது, இப்படிப் பல காரணம். 2002-க்குப் பிறகு அங்கே ஒன்றுகூட வரவில்லை. தாய்லாந்துக்காரர்கள் தோற்றுப்போக மனமில்லாமல், 2011 முதல் புரிராம் மாநிலத்தில் சாரஸ்களை வளர்த்து வயல்வெளியில் விட்டு வருகிறார்கள். அவை அங்கே இப்போது தானாகக் குஞ்சு பொரிக்கின்றன. இழந்த பிறகு மீட்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் விடுவதற்கு முதலில் அங்கே ஒரு சதுப்பு மிச்சம் இருந்தது.

மகாபாரதத்தில் இன்னொரு கொக்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வனவாசத்தின் கடைசிக் காலம். பாண்டவர்களுக்குத் தாகம். நகுலன் ஒரு பொய்கையைக் கண்டு குனிகிறான். "என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி" என்று ஒரு குரல். கேட்கவில்லை, குடித்தான், விழுந்தான். சகாதேவன், அர்ச்சுனன், பீமன், எல்லாரும் அப்படியே. கடைசியில் தருமர் வருகிறார். யார் நீ என்று கேட்கிறார். "பாசியும் மீனும் தின்று வாழும் கொக்கு நான்" என்கிறது குரல். பிறகுதான் யட்சன் என்று தெரிகிறது, அதற்கும் பிறகுதான் அது தருமதேவதை என்று தெரிகிறது. நன்றாகக் கவனியுங்கள். தருமம் தன் மகனைச் சோதிக்க வந்தபோது சிங்கமாக வரவில்லை, அரசனாக வரவில்லை. ஒரு நீர்நிலையைக் காவல் காக்கும் கொக்கு என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வந்தது. தண்ணீரைக் கேட்காமல் எடுத்தவன் அர்ச்சுனனாக இருந்தாலும் விழுந்தான்.

மலாக்காவில் 1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டது. உங்கள் அம்மா அப்பாவைக் கேளுங்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்வார்கள். இன்றைக்கும் நம் மாநிலத்துக்குச் சொந்தத் தண்ணீர் போதாது, ஜொகூர் பக்கத்து மூவார் ஆற்றிலிருந்து எடுக்கிறோம். மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது சதுப்பு. அதை மூடிவிட்டால் மழை நாளில் வெள்ளம், வெயில் நாளில் வறட்சி. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளம் மாநிலத்தைக் காப்பாற்றாதுதான். ஆனால் அங்கே மண் போட்டால், டிசம்பர் மழையில் தண்ணீர் எங்கே போகும் என்று கமிட்டியில் யாராவது கேட்டார்களா? கோயில் தாழ்வில் இருக்கிறது. மடப்பள்ளிக்குத்தான் வரும்.

இனி நீங்கள் பேச வேண்டியது. கமிட்டி சொல்லும் இன்னொரு காரணம் டெங்கி. அதற்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு மீன் இருக்கும் சதுப்பைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீர் தேங்கும் சின்னப் பாத்திரங்களைத் தேடும். சூறைத்தேங்காய் உடைத்துப் போட்ட மூடிகள், கழற்றிப்போட்ட டயர், பூச்சட்டித் தட்டு, மதில் ஓரம் வைத்த பழைய விளக்குகள். போன வாரம் நான் எண்ணினபோது கோயிலைச் சுற்றி இப்படி முப்பதுக்கு மேல் இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை அதை அள்ளுவது. கமிட்டி கேட்பதற்கு முன்னாலேயே அள்ளிவிடுங்கள்.

எச்சத்துக்கு: மரத்தை அடியோடு வெட்ட வேண்டாம், கலசத்துக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கிளையை மட்டும் கழிக்கலாம். அதையும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பொறுப்பை இளைஞர் பிரிவு எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். காய்ந்ததைப் பெருக்காதீர்கள், முதலில் நனையுங்கள், முகக்கவசம் போடுங்கள். பங்குனி கழிந்தால் கொக்குகளில் பெரும்பகுதி வடக்கே கிளம்பிவிடும், புரட்டாசி வாக்கில்தான் திரும்பும். ஆக வருஷத்தில் பாதி நாள் இந்தக் கழுவுகிற வேலை குறைவு. காருக்கு: முன்பக்கம் பழைய ஆயாக்கொட்டகை இருந்த மேடு சும்மாதான் கிடக்கிறது. திருவிழா மூன்று நாளைக்கு அது போதும்.

லஸ்திக் வைத்துக் கொக்கு அடிக்கிற பையன்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும், யார் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தம்பிகளைத் திட்டாதீர்கள். எண்ணுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். கண் கூர்மை அவர்களுக்குத்தான்.

எண்ணுவது எப்படி என்று கேட்டீர்கள். மாலை 6.30க்குக் கோயிலின் பின் மதில் பக்கம் நில்லுங்கள், 7.30 வரை. கூட்டமாக வருவதைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். வருகிற திசையையும் எழுதுங்கள். கழுத்தை நீட்டிப் பறப்பது ஏதாவது கண்ணில் பட்டால் உடனே படம் எடுங்கள், அது கொக்கு இல்லை. அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை எண்ணினால் போதும், தாளில் காட்ட ஒரு கணக்கு இருக்கும்.

கமிட்டிக் கூட்டம் சித்திரை முதல் ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு. செயலாளர் அண்ணனிடம் கேட்டேன், இளைஞர் பிரிவுக்குப் பத்து நிமிஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசப் போகிறவர்கள் இரண்டு பேர் போதும், ஒருவர் தங்கையாக இருக்கட்டும். வேட்டி, சேலை கட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணின தாளை நாலு பிரதி எடுத்து வையுங்கள், தலைவருக்குக் கண் சரியாகத் தெரியாது, எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.